தன்விவரத்தில் உழைப்பு பேசட்டும்

பல்கலைக்கழக மாணவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் முதன்முறையாகத் தன்விவரம் எழுதுகின்றனர். அப்போது பலர் இயங்கலையில் கிடைக்கும் மாதிரி ஒன்றைப் படியெடுத்துத் தம் பெயரை மட்டும் மாற்றுகின்றனர். ‘கடின உழைப்பாளி’, ‘விரைவாகக் கற்பவர்’, ‘குழுவோடு ஒத்துழைப்பவர்’ என்ற சொற்கள் அதில் வரிசையாக நிற்கும். இச்சொற்கள் யாருக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்தும் தன்விவரம் யாரையும் அறிமுகப்படுத்தாது. தாம் உண்மையில் செய்த வேலையை, அது எவ்வளவு எளியதாக இருந்தாலும், சான்றோடு எழுதுவதே சிறந்த தன்விவரம் என்பது என் கருத்து.

ஜொகூர் மாணவர்களுக்கு இது அவசரமான செய்தி. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கான ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. புதிய நிறுவனங்களையும் வேலைகளையும் இங்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். அவ்வேலைகளுக்கு விண்ணப்பிப்போரும் பலர். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம், பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் என ஜொகூரில் மட்டுமே பல உயர்கல்விக் கூடங்கள் உள்ளன. நிறுவன நிர்வாகியை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பரிந்து பேச ஆள் உண்டு. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கும் அந்த ஒரு பக்கத் தாள்தான் பேச வேண்டும்.

“படிக்கும் மாணவருக்கு அனுபவம் ஏது?” என்று சிலர் கேட்பர். அனுபவம் இருக்கிறது, அதை எழுதத்தான் கூச்சம். குளுவாங் இரவுச் சந்தையில் தாயின் பலகாரக் கடையில் ஒரு மாணவி உதவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘அம்மாவுக்கு உதவினேன், இதெல்லாம் வேலையா?’ என்று அவள் அதை விட்டுவிடுவாள். மாறாக, ‘மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு இரவு குடும்பக் கடையில் விற்பனை, ரொக்கத்தையும் கியூஆர் கட்டணத்தையும் அன்றன்றே கணக்கிட்டுப் பதிவு செய்தல், மூன்று மொழிகளில் வாடிக்கையாளருடன் பேசுதல்’ என்று எழுதலாமே! அவள் பொறுப்பானவள் என்பதை இனித் தனியே சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் தொண்டர்களை ஒருங்கிணைத்தது, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஆகியவையும் இத்தகையனவே.

இருப்பினும், செய்த அனைத்தையும் கொட்டிவிடக் கூடாது. வாசிப்பவருக்கு எது தேவையோ அதை முன்னே வைக்க வேண்டும். ஏறக்குறைய 1482ஆம் ஆண்டில் லியொனார்டோ டாவின்சி, மிலான் நகரை ஆண்ட லூடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்னாளில் ‘மோனாலிசா’ ஓவியத்தைத் தீட்டிய அவர், அக்கடிதத்தில் ஓவியத் திறனைக் கடைசியில்தான் குறிப்பிட்டார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் ஆகியவற்றையே முதலில் பட்டியலிட்டார். போரைப் பற்றிய கவலையில் இருந்த ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார். கணக்கியல் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவி கடைக் கணக்கை முதலில் எழுதட்டும். சுற்றுலாத் துறைக்கு விண்ணப்பித்தால் மொழித் திறனை முதலில் எழுதட்டும். அப்போது மலாய், ஆங்கிலத்தோடு தமிழையும் மறவாமல் சேர்க்க வேண்டும்.

எழுதியவை அனைத்தும் உண்மையாகவும் இருக்க வேண்டும். ஒரு நாள் கலந்துகொண்ட பட்டறையை ‘பயிற்சி பெற்றவர்’ என்று பெரிதாக்கினால், நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்படும். தேவையற்ற விவரங்களையும் தவிர்க்க வேண்டும். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் காட்டுகின்றன. அதை முன்பின் அறியாதவருக்கு அனுப்புவது பாதுகாப்பானதன்று. பணியமர்த்திய பின் நிறுவனம் கேட்கும்போது கொடுத்தால் போதும். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, கல்வி, அனுபவம், திறன்கள், நம்மை நன்கு அறிந்த இருவரின் பெயர்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அடக்கிவிடலாம். அவ்விருவரின் இசைவை முன்னரே பெறுவது பண்பு.

தேர்ச்சிப் புள்ளிகள்தாம் முக்கியம் என்போரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில்கூட 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கும் உரியவை. எனவே, படிப்பில் கவனம் குறையக் கூடாது. ஆனால், ஒரே வகுப்பில் ஒரே புள்ளிகளைப் பெற்ற இருவர் ஒரே வேலைக்கு விண்ணப்பித்தால், நிறுவனம் எதைக் கொண்டு அவர்களை வேறுபடுத்தும்? புள்ளிகளுக்குக் கீழே எழுதப்பட்டுள்ள வரிகளைக் கொண்டுதான்.

தன்விவரம் வேலையை வாங்கித் தராது. நேர்முகத் தேர்வின் வாசல்வரை அழைத்துச் செல்லும். அங்கே கேள்விகள் பெரும்பாலும் நாம் எழுதிய வரிகளிலிருந்தே பிறக்கும். உழைத்தவரிடம் அவற்றுக்கு விடை இருக்கும். ஆகவே, மாணவர்களே, நான்காம் படிவத்திலேயே ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், எத்தனை மணி நேரம் செய்தீர்கள், அதனால் யார் பயன்பெற்றனர் என்பவற்றை அவ்வப்போது எழுதி வாருங்கள். கல்லூரியில் தன்விவரம் எழுத அமரும் நாளில், இரவல் சொற்களைத் தேடி அலையும் தேவை உங்களுக்கு இராது.