கேமராவுக்குப் பின்னால் நம் பெண்பிள்ளைகள்

என் முதல் புகைப்படம் பஸ் பாஸுக்காக எடுத்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்டுடியோக்காரர் பவுடர் டப்பாவை நீட்டி, "நல்லா அப்பிட்டு வாம்மா, இல்லன்னா மூஞ்சி விழாது" என்றார். படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு முகம் இருந்தது. என் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வண்ணப் பிலிமே அப்படித்தான் தயாரானது. நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அந்தத் தோல் சரியாக விழுந்தால் போதும். பள்ளிக்கூடப் படங்களில் எங்கள் குழந்தைகளின் முகமே தெரியவில்லை என்று அமெரிக்கக் கறுப்பினத் தாய்மார்கள் முறையிட்டார்கள். ஆனால் பிலிமைத் திருத்த நிறுவனத்தை அசைத்தது சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகளின் புகார்தான். கறுப்புச் சிறுமிக்கு இல்லாத மதிப்பு மேசை நாற்காலிக்கு இருந்திருக்கிறது!

அந்தச் சிறுமிகளின் வாரிசுகள் இன்று கேமராவைக் கையில் எடுத்துவிட்டார்கள். 2022-ல் அமெரிக்காவின் நியூஆர்க் நகரில் கறுப்பினப் பெண்பிள்ளைகளின் வாழ்வைப் பற்றி நடந்த புகைப்படக் கண்காட்சியில், பெயர்பெற்ற கலைஞர்களின் படங்களோடு சிறுமிகள் எடுத்த படங்களும் இடம்பெற்றன.

நம்மிடம் என்ன படங்கள் இருக்கின்றன? 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போய், தாமிரபரணியில் 17 பேரைப் பறிகொடுத்தோம். தடியடியையும், ஆற்றுக்குள் விரட்டப்பட்ட மக்களையும் கேமரா பதிந்து வைத்ததால்தான் அன்று நடந்ததை யாராலும் மூடி மறைக்க முடியவில்லை. ஆர்.ஆர்.சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் இன்றும் சாட்சி. அவை அவசியமான படங்கள். ஆனால் நாம் படமாவது ஓடும்போதும் விழும்போதும் அழும்போதும் மட்டும்தானா? நம் தெருப் பெண்பிள்ளை சைக்கிள் மிதிப்பதை, ஆற்றில் குதித்து நீந்துவதை, சும்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பதை யார் எடுத்தார்கள்?

மதுரை எம்.பழனிக்குமார் இதற்கு வழி காட்டியிருக்கிறார். மீன் விற்கும் தாயின் மகன். கடன் வாங்கி கேமரா வாங்கியவர். 2017-ல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பி.சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ இணைய இதழில் பணியாற்றும் அவர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வட சென்னைப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தெருவையும் பெற்றோரின் வேலையையும் எடுக்கிறார்கள். வெளியாள் எடுத்தால் அதில் பரிதாபம் நிற்கும். மகள் எடுத்தால் அம்மா அம்மாவாக நிற்பாள்.

பெண்பிள்ளை கையில் செல்போனா என்று பெற்றோர் பயப்படுவது தெரியும். பயம் நியாயமானது. படத்தை வைத்து மிரட்டுகிறவன் நம் ஊரிலும் இருக்கிறான். ஆனால் போனைப் பிடுங்கி வைத்தால் அவன் கையில் மட்டும்தான் கேமரா இருக்கும். யாரை, யார் சம்மதத்தோடு எடுப்பது, எதை யாருக்கு அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படம் காட்டுகிறார்கள். பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எடுக்கவும் தெரியும். நெல்லை மாவட்ட ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதிகளில் விடுதிக்கு ஒரு கேமரா, மாதம் ஒரு பயிற்சி நாள் என்று ஆட்சியர் தொடங்கி வைக்கட்டும். பிள்ளைகள் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு விடுதிச் சுவரிலேயே முதலில் மாட்டட்டும்.