நச்சு மண்ணை லாரி ஏற்றாதீர்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், யூனியன் ஏரிக்கரையில், 1906 முதல் 1956 வரை நிலக்கரியிலிருந்தும் பின்னர் எண்ணெயிலிருந்தும் எரிவாயு எடுத்தார்கள். ஆலையை மூடியபின் மிஞ்சியது தாரும் பென்சீனும் ஊறிய மண். மொத்தமாக வாரி வேறிடத்தில் கொட்டுவதுதான் வழக்கமான வழி. நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் வேறு வழியில் போனார். கழிவுநீர்ச் சேற்றையும் மரத்தூளையும் மண்ணில் கலந்து உழச் செய்தார். உழுதால் காற்று இறங்கும். சேற்றிலிருந்து தழைச்சத்து கிடைக்கும். அது போதும், மண்ணிலேயே இருக்கும் பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்னத் தொடங்கிவிடும். 1975-இல் அங்கே பூங்கா திறந்தார்கள். துருவேறிய ஆலைக் கோபுரங்கள் இன்றும் புல்வெளி நடுவே நிற்கின்றன. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கனமான தார்ச் சேர்மங்கள் லேசில் சிதைவதில்லை. மாசு மிச்சமிருப்பது தெரிந்து 1984-இல் பூங்காவைச் சில காலம் மூட வேண்டியிருந்தது. பிறகு புது மண் பரப்பினார்கள், நிலத்தடியில் காற்றைச் செலுத்தி பென்சீனை வெளியேற்றினார்கள். ஆனாலும் ஹாக் செய்ததே சரி என்பேன். லாரியில் ஏற்றி அனுப்பும் விஷம் இன்னோர் ஊரின் கிணற்றுக்குத்தான் போகும். நம் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவுக்கு இந்த வைத்தியம் அப்படியே பொருந்தாது. உலோகத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. குரோமியத்தின் கொடிய வடிவத்தை நச்சுக் குறைந்த வடிவமாக மாற்றத்தான் முடியும். எந்த முறையானாலும் ஆண்டுக்கணக்கில் மண்ணை அளந்து, முடிவுகளை ஊராரிடம் காட்ட வேண்டும். அதற்கான பணத்தை ஆலை ஓடும்போதே முதலாளியிடம் வாங்கி வைக்க வேண்டும்.