செவ்வாயில் ஒரு வட்டை

பரிசு யாருக்குப் போனது என்பதில் எமக்கு வழக்கில்லை. கடல் கடந்த பணத்தில் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், வாங்குபவர்கள் வாங்கட்டும். எமக்குப் பொறுக்காதது நடுவர் குறிப்பில் வந்த ஒரு வசனம். விண்வெளிக் குடியேற்றத்தைப் பாடும் அந்தப் பரிசு நாவல், மண்ணைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த ஈழத்து எழுத்தை முதன்முறையாக மண்ணிலிருந்து கிளப்பிவிட்டதாம். அந்த வசனத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சஞ்சிகை சிறப்பிதழும் போட்டாயிற்று. மண்வாசனை இலக்கியத்தின் மேல் அறுபதுகளில் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லைப் போலும். மேன்முறையீடு இம்முறை செவ்வாய்க் கிரகத்தில்.

நாவலை வாசித்தோம். நடை பரவாயில்லை. ரொக்கெட்டின் ஒவ்வொரு திருகாணியும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. கதாநாயகன் செவ்வாயில் இறங்குகிறான், நெல் விதைக்கிறான், அடுத்த அத்தியாயத்தில் அறுவடை. எங்கள் படுவான்கரையில் நிலச்சொந்தக்காரரான எந்தப் போடியாருக்கும் இவ்வளவு லேசாக வேளாண்மை விளைந்ததில்லை. அந்த நெல் எதில் முளைத்தது என்பதற்கு மட்டும் நாவலில் ஒரு வரி கிடையாது. மண்ணைப் பற்றி எழுதினால் பரிசு போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

இந்த நெல்லை விட்டுவிட்டு அப்பால் போக எமக்கு மனமில்லை. செவ்வாயின் வளியமுக்கம் இங்குள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வரம்பு கட்டித் தண்ணீர் விட்டால் ஒரே நேரத்தில் கொதிக்கவும் உறையவும் தொடங்கும். ஆகவே வட்டை என்று நாம் சொல்லும் வயல்வெளி முழுவதற்கும் காற்றடைத்த கூரை வேண்டும். வெயிலோ இங்கு விழுவதில் பாதியிலும் குறைவு. 2008இல் பீனிக்ஸ் விண்கலம் அங்கு நிலத்தைக் கிளறிப் பார்த்தபோது பேர்குளோரேற்று உப்பு அகப்பட்டது, நூற்றுக்கு அரைப் பங்கு அளவில். தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை எடுக்கவிடாமல் தடுக்கும் உப்பு அது. கழுவி எடுக்கலாம். கழுவத் தண்ணீர் வேண்டும், கழுவிய தண்ணீரைத் துப்புரவாக்க ஓர் ஆலை வேண்டும், ஆலைக்கு மின்சாரம் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு கையில் மிஞ்சுவது பொடித்த எரிமலைப் பாறை. உக்கல் இல்லை, மண்புழு இல்லை, பூஞ்சணம் இல்லை, நைதரசனைப் பிடித்துத் தரும் பற்றீரியா இல்லை.

2022இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அப்பலோ பயணிகள் கொண்டுவந்த நிலாத் தூளில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை முளைக்கவிட்டார்கள். முளைத்தது. போசணைக் கரைசல் ஊற்றியும் குறண்டியது. சில செடிகளில் இலை கருஞ்சிவப்பேறியது. அதே ஆண்டில் சீன விண்வெளி நிலையத்தில் நெல் 120 நாளில் விதையிலிருந்து விதை வரை ஒரு சுற்று முடித்தது. சந்தோஷப்படவேண்டிய செய்திதான். அந்தப் பெட்டிக்குள் இருந்த காற்றும் தண்ணீரும் போசணையும் இங்கிருந்து போனவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் சந்தோஷம் அளவோடு இருக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் பூமியிலேயே நடந்திருக்கிறது. 1991 செப்டெம்பரில் அரிசோனாப் பாலைவனத்தில், ஏறத்தாழ மூன்று ஏக்கர் கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். பயோஸ்பியர்-2 என்று பெயர். உள்ளே மழைக்காடு, கண்டல், பவளப் பாரோடு ஒரு குட்டிக் கடல், வயல். நெல்லும் போட்டார்கள். கதிர்வீச்சுத் தொல்லை இல்லை, ஈர்ப்பு நம்முடைய ஈர்ப்பேதான், கண்ணாடிக்கு வெளியே மனிதர் நின்று கைகாட்டினார்கள். அப்படியிருந்தும் ஒட்சிசன் இறங்கத் தொடங்கியது. 20.9 வீதமாக இருந்தது பதினாறு மாதத்தில் 14 வீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. நாலாயிரம் மீற்றர் மலையில் கிடைக்கும் காற்று அது. படியேற இளைத்தது. நித்திரையில் மூச்சு முட்டி எழும்பினார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஒட்சிசன் ஏற்றவேண்டி வந்தது.

ஒட்சிசன் எங்கே போனது? பயிர் நன்றாக வரவேண்டுமென்று எருச்செறிந்த மண்ணைக் கொட்டியிருந்தார்கள். மண்ணிலிருந்த நுண்ணங்கிகள் உக்கலைத் தின்று ஒட்சிசனை இழுத்தன, காபனீரொட்சைட்டை விட்டன. அப்படியென்றால் காபனீரொட்சைட்டு அதே அளவுக்கு ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. கணக்கு உதைத்தது. கடைசியில் கொங்கிறீட்டை ஆராய்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளித்தது. அந்தச் சுவர்கள் காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கல்சியம் காபனேற்றாக்கி உள்ளே வைத்திருந்தன. போதாக்குறைக்கு மகரந்தம் பரப்பும் பூச்சிகள் செத்தன, எறும்பும் கரப்பானும் பெருகின. பத்திரிகைகள் சிரித்தன. எமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பூமிக்கு வெளியே மனிதர் வாழமுடியுமா என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த நேர்மையான பதில்களில் ஒன்று அந்தச் சுவருக்குள் இருந்தது.

சோவியத்காரர் இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, கண்ணாடி மாளிகை கட்டாமல், கிராஸ்னோயார்ஸ்க்கில் வேலை தொடங்கிவிட்டார்கள். பயோஸ்-3 என்ற மூடிய கூடம், 315 கன மீற்றர். 1972-73இல் மூன்று மூன்று பேராக 180 நாள் அதற்குள் வாழ்ந்து காட்டினார்கள். கோதுமை, மரக்கறி, தொட்டிகளில் குளோரெல்லாப் பாசி. ஒருவருடைய மூச்சுக்கு எட்டுச் சதுர மீற்றர் பாசி போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். காற்று ஏறத்தாழ முழுவதும் உள்ளேயே சுழன்றது. சுற்று அறுந்த இடம் கக்கூசு. மலத்தை உலர்த்திக் கட்டி வைத்தார்களே தவிர, வயலுக்குத் திருப்பவில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சிறுநீரையும் வியர்வையையும் வடித்து 98 வீதத் தண்ணீரை மீட்கும் நிலைக்கு 2023இல் வந்துவிட்டது. சோறு இன்னமும் கீழிருந்துதான் போகிறது.

பயோஸ் என்று எழுதியதும் கை நிற்கமாட்டேன் என்கிறது. மிர் பதிப்பகத்தின் மலிவு விலைத் தமிழ் நூல்களில் பௌதிகம் கற்ற தலைமுறை நாம். 1961 டிசெம்பரில் யூரி ககாரின் இலங்கைக்கு வந்துபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். முற்போக்கு என்ற சொல்லுக்குள் அப்போது ரொக்கெட் சமன்பாட்டைத் தந்த சியோல்கோவ்ஸ்கியும் இருந்தார். பேர்ணல் இருந்தார். 1929இல் எழுதிய சிறு நூலொன்றில், பதினாறு கிலோமீற்றர் விட்டமுள்ள உருண்டைகளில் மனிதர் விண்வெளியில் வாழலாம் என்று வரைந்து காட்டிய அதே மார்க்சிய விஞ்ஞானி பேர்ணல். அந்த நூலின் கடைசிப் பகுதியை யாரும் பேசுவதில்லை. மனித இனம் இரண்டாகப் பிரிந்து, மேலே போனவர்கள் கீழே நின்றவர்களை ஒரு மிருகக்காட்சிச்சாலையைப் பராமரிப்பதுபோல் பராமரிக்கக்கூடும் என்கிறார். நடுவர்கள் எந்தப் பக்கம் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டுவைக்கலாம்.

பேர்ணலிடம் லண்டனில் படித்தவர்களில் ஒருவர் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம், பிறகு இரசாயனம், பிறகு நாசா. 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில், பூமியில் ஒட்டிக்கொள்ளாத, கல்லோடு வந்த அமினோ அமிலங்கள் உண்டென்று காட்டிய குழுவில் இருந்தவர். மெய்யியலிலிருந்து அணுவுக்குப் போன இந்த மனிதரை மெய்யுள் என்ற நூலை வாசித்தவர்களாவது தேடிப் படித்திருக்கவேண்டாமா? சிறப்பிதழில் அவர் பெயர் இல்லை. புஷ்பக விமானத்துக்குப் பக்கங்கள் இருக்கின்றன. 2019இல் போன, ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய இலங்கைச் செய்மதிக்கு இராவணன் பெயர் வைத்ததில் யாருக்கு உரிமை என்ற சண்டைக்கும் பக்கங்கள் இருக்கின்றன.

இந்தத் தீவுக்கும் விண்வெளிக்கும் உள்ள மெய்யான உறவு வேறு. ஆதர் சி. கிளார்க் 1956இல் இங்கு வந்து தங்கியவர், திருகோணமலையில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டவர். 1979இல் வந்த விண்ணுயர்த்தி நாவலுக்காக இலங்கையைச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி மத்திய கோட்டில் வைத்தார். கதையில் தீவு நகர்ந்தது. நிஜத்தில் ரொக்கெட்தான் வளைகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேரே தெற்கே போனால் எங்கள் தலைக்கு மேலால் போகவேண்டும். ஆகவே முதலில் தென்கிழக்கே வங்கக் கடலுக்கு மேல் போய், பிறகு திரும்புகிறது. திரும்புவதற்கு எரியும் எரிபொருளுக்கு ஈடாகச் சுமையைக் குறைக்கவேண்டும். அதற்காகத்தான் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம். 2024 பெப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். விண்வெளி யுகத்துக்கு நாம் செய்த நிரூபிக்கக்கூடிய பங்களிப்பு, குறுக்கே கிடந்தது.

சரி, மண்ணுக்குத் திரும்புவோம். மண்ணைப் பேசுவது பின்தங்கல், விண்ணைப் பேசுவது முன்னேற்றம் என்று எழுதியவர்களுக்கு அந்த விஞ்ஞானத்தின் அரிச்சுவடியே தெரியவில்லை என்பதுதான் எம் முறைப்பாடு. ஏறிப்போவதற்கான சமன்பாடு 1903இல் அச்சாகிவிட்டது. போய் இருப்பதற்கான கேள்விகள் எருவிலும் பாசியிலும் எலும்பிலும் கிடக்கின்றன. ஈர்ப்பற்ற நிலையில் இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று கரைகிறது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் 38 வீதம். அந்த ஈர்ப்பில் ஒரு பிள்ளை கருவில் தங்குமா, தங்கினால் எழும்பி நடக்குமா என்பதற்கு இன்று யாரிடமும் விடை இல்லை. போகும் வழியில் ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவேட் கதிர்வீச்சு என்று கியூரியோசிற்றி விண்கலம் அளந்து சொன்னது. நாவலின் நாயகி அங்கே இரட்டைக் குழந்தை பெறுகிறாள். வாழ்த்துகள்.

மூடிய சுற்றில் வாழ்வதென்றால் என்னவென்று வாவிக்கரையில் உள்ளவனுக்குக் கொஞ்சம் தெரியும். மாரி தொடங்கி வாவி ஏறும்போது முகத்துவாரத்தில் மணல் மேடு கடலை அடைத்துக்கொண்டு நிற்கும். படுவான்கரை வட்டைகளில் பயிர் தாழும். வெட்டிவிடு என்பார்கள் கமக்காரர்கள். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், உப்பு ஏறும், பொறு என்பார்கள் மீன்பிடிகாரர்கள். அரசாங்க அதிபர் கூட்டம் வைப்பார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துத் தண்ணீரின் உயரத்தைச் சொல்லுவார்கள், ஓர் உயரமும் மற்றதோடு பொருந்தாது. கடைசியில் பெக்கோ வந்து ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் தோண்டிவிட்டுப் போகும். மிச்சத்தைத் தண்ணீர் தானே பார்த்துக்கொள்ளும். இரு பக்கமும் மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழ, காலையில் தாண்டிய வாய்க்காலை மாலையில் தாண்ட முடியாது. அன்றைக்குச் சரியாக வெட்டினார்களா, இரண்டு நாள் பிந்தினார்களா என்ற சண்டை அடுத்த மாரி வரை இருக்கும்.

செவ்வாயில் இந்த வசதி கிடையாது. வெட்டிவிட வெளியே கடல் இல்லை. அரிசோனாவில் ஒட்சிசன் குறைந்தபோது குழாய் போட்டு ஏற்றினார்கள், வெளியே ஒரு பூமி இருந்தபடியால். அங்கே வயலுக்குக் கொடுத்தால் மூச்சுக்குக் குறையும், மூச்சுக்குக் கொடுத்தால் வயலுக்குக் குறையும். யார் தீர்ப்பது? திருகாணியெல்லாம் எழுதிய நாவலாசிரியர் இதை எழுதவில்லை. அவருடைய குடியிருப்பில் நிர்வாகம் ஒரு கணினி. அந்தக் கணினிக்குச் சொந்தக்காரர் யார், அங்கே ஒட்சிசனுக்குப் போடியார் யார், அவருக்குக் கீழே முல்லைக்காரன் யார்? வரைபடத்தில் வெறுமையாகக் காட்டப்பட்ட நிலத்தில், மேலிருந்து வந்த தண்ணீரோடும் மேலிருந்து வந்த ஆட்களோடும் குடியேற்றத் திட்டம் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு எமக்குப் புனைகதை வேண்டியதில்லை. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைந்தது. 1956 யூனில் அங்கு நடந்த இனக்கலவரத்தை எழுதிய பழைய இதழ்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. செவ்வாயைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர் முதலில் அவற்றை வாசித்துவிட்டு வரட்டும்.

எமக்கு விண்வெளியோடு பகையில்லை. காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்பித்து, தமிழில் கலைச்சொல் ஆக்கும் முயற்சிகளில் முன்நின்று, பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த விபுலாநந்த அடிகள் வாழ்ந்த கரை இது. அந்த வழியில் வந்தவர்கள் உயிரியல் பாடப்புத்தகத்தைப் பரீட்சையோடு மூடிவிட்டு, நடுவர் குழுக்களில் அமர்ந்து, கனவு, பாய்ச்சல், அண்டம் என்று எழுதிக்கொண்டிருப்பதுதான் பகையைக் கிளப்புகிறது.

அடுத்த இதழிலிருந்து மூடிய வாழ்சூழல்கள் பற்றிய ஒரு தொடர் வரும். விவசாயபீட மாணவர்களும் இரசாயன ஆசிரியர்களும் எழுதலாம். முதற்கட்டுரை மலத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் நைதரசனை மீட்பது பற்றியதாக இருக்கவேண்டும். அதற்கு இடம் விடுவதற்காகக் கவிதைப் பக்கங்களைக் குறைக்கிறோம். கவிஞர்கள் கோபித்துக் கடிதம் எழுதினால் பிரசுரிப்போம்.