கனம் குறைந்த கீஷ்

பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கு மூலையில் லொரேன் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. நான்ஸி அதன் பழைய தலைநகரம். 1766-ஆம் வருஷம் வரையில் அது தனிப் பிரபுக்களின் ஆட்சியில் இருந்து, பிறகுதான் பிரான்ஸுடன் சேர்ந்தது. 1871-ல் அதன் ஒரு பகுதி ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. 1918-ல் திரும்பி வந்தது. இரண்டு பெரிய பாஷைகளுக்கு நடுவில் வசிக்கும் ஜனங்களின் சமையலறையிலும் இரண்டு பாஷைகளும் கலந்திருப்பதில் ஆச்சரியமில்லை. அவர்களுடைய பிரசித்தமான பலகாரத்துக்குக் 'கீஷ்' என்று பெயர். ஜெர்மன் பாஷையில் கேக்குக்கு வழங்கும் 'குகென்' என்னும் சொல்லே பிரெஞ்சுக்காரர்களின் வாயில் புகுந்து இப்படித் தேய்ந்துவிட்டது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

கேக் என்றதும் தித்திப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். கீஷ் உப்புப் பண்டம். விளிம்பு வைத்த தட்டையான மாவுப் பாத்திரம் ஒன்றைச் செய்து, அதில் முட்டையும் பாலும் அடித்த கலவையை ஊற்றி, ஓவனில் வேகவைத்தால் கலவை இறுகி நிற்கும். முக்கோணத் துண்டாக வெட்டிச் சாப்பிட வேண்டியதுதான். ஆதி காலத்தில் அடித்தட்டுக்கு ரொட்டி மாவையே உபயோகித்தார்கள். மேலே முட்டை, க்ரீம், புகையூட்டிய பன்றி இறைச்சி. வெண்ணெய் பிசைந்து பொரபொரவென்று உதிரும் மாவு பின்னால் வந்தது. பாலாடைக் கட்டியும் பின்னால் வந்ததே. அதைச் சேர்த்தால் லொரேன்காரர்களில் வைதிகமானவர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். இறைச்சியை நீக்கிக் கறிகாய்களைச் சேர்த்த கீஷ் இப்போது உலகமெங்கும் பரவி, புதுச்சேரி ரொட்டிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முட்டை உண்ணாத நேயர்கள் இந்த வாரம் என்னை மன்னித்து, பக்கத்தைப் புரட்டிவிட வேண்டுகிறேன். முட்டையில்லாமல் இந்தப் பலகாரத்துக்கு உயிர் இல்லை. அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

1982-ல் அமெரிக்காவில் புரூஸ் ஃபியர்ஸ்டீன் என்பவர் எழுதிய ஒரு நகைச்சுவைப் புத்தகம் அமோகமாக விற்பனையாயிற்று. 'உண்மையான ஆண்கள் கீஷ் சாப்பிடுவதில்லை' என்பது அதன் தலைப்பு. கீஷ் என்றால் ஏதோ மெல்லிய, நாசூக்கான ஆகாரம் என்ற எண்ணம் அந்நாளில் அங்கே பரவியிருந்தது. பரிகாசம் இருக்கட்டும், கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வழக்கமான கறிகாய்க் கீஷ் ஒன்றில் அடித்தட்டுக்கு 250 கிராம் மாவும் 125 கிராம் வெண்ணெயும் சேர்கின்றன. மேலே 3 முட்டை, 300 மில்லி க்ரீம், 100 கிராம் பாலாடைக் கட்டி. வெண்ணெயில் சுமார் 100 கிராம் கொழுப்பு, க்ரீமில் மற்றொரு 100, பாலாடைக் கட்டியில் 30-க்கு மேல், முட்டைகளில் 15. மொத்தம் ஏறக்குறைய 250 கிராம். ஆறு பேர் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு 40 கிராமுக்கு மேல் வருகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்கு நாள் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 65 கிராம் கொழுப்பு என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. அதில் முக்கால் பங்கு இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் ஒரே துண்டில் தீர்ந்து போகிறது. அதிலும் வெண்ணெய்க் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இருதய வைத்தியர்கள் குறைக்கச் சொல்லும் நிறைவுற்ற கொழுப்பு. நாசூக்கான ஆகாரத்தின் லட்சணம் இது!

இந்த இடத்தில்தான் பல குடும்பங்களில் சங்கடம் ஆரம்பிக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வைத்தியர் வெண்ணெயையும் க்ரீமையும் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் அவருக்குத் தனிப் பாத்திரம், தனித் தட்டு. மற்றவர்கள் கீஷ் சாப்பிடுகையில் அவர் அவித்த கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எதிரில் சாப்பிட மற்றவர்களுக்கு மனம் கூசும். தம்மால் அவர்கள் ருசி கெடுகிறதே என்று அவருக்கும் மனம் கூசும். சில நாளில், "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று அவர் எழுந்து போகத் தொடங்குவார். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மருந்து உடம்பைக் காப்பாற்றுகிறது. தனித் தட்டு மனிதரைப் பந்தியிலிருந்து தள்ளி வைத்துவிடுகிறது. ஆகவே எல்லோரும் ஒரே பலகாரத்தை உண்ண வேண்டும். அது எல்லோருக்கும் ருசிக்கவும் வேண்டும். இதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

வெண்ணெயைப் பாதியாக்கி, க்ரீமுக்குப் பதில் பாலை ஊற்றி, மற்றதைப் பழையபடியே செய்தால் என்ன ஆகும்? மாவு தோலைப் போல் இழுபடும். மேலே உள்ளது திரிந்து தண்ணீர் விடும். "ஆரோக்கியமான சமையல் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் விடையை மட்டும் பார்த்து மார்க் கொடுப்பதில்லை, வழியையும் கேட்கிறார். சமையலிலும் ஒரு சாமானை எடுத்துவிடுமுன், அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் க்ரீமைக் கேட்போம். கீஷை இறுக வைப்பது க்ரீம் அல்ல, முட்டையிலுள்ள புரதம். அது நூல் சுருளைப் போல் இருக்கிறது. சூடு பட்டதும் சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகிறது. அந்த வலைக்குள் பால் சிக்கி நிற்கிறது. பால் கலந்த முட்டை சுமார் 80 டிகிரி சென்டிகிரேடில் இப்படி இறுகும். 85-ஐத் தாண்டினால் வலை மேலும் சுருங்கி, உள்ளே பிடித்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். க்ரீமிலுள்ள கொழுப்பு வலைக்கு நடுவே புகுந்து, அதை மிருதுவாக வைத்துக்கொண்டு, சமையற்காரரின் அஜாக்கிரதையைப் பொறுத்துக்கொள்கிறது. க்ரீமின் உத்தியோகம் அவ்வளவே. பாலை ஊற்றுகிறவர் நெருப்பைக் குறைத்து, நேரத்தைக் கவனித்தால் அந்த உத்தியோகத்தைத் தாமே பார்த்துவிடலாம். கலவையில் ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் கரைத்துவிட்டால் இன்னும் பத்திரம். மாவுச் சத்து முட்டையைச் சீக்கிரம் திரிய விடாது.

அடுத்தது அடித்தட்டு. வெண்ணெய் மாவுக்கு உதிரும் குணத்தைக் கொடுக்கிறது. வெண்ணெயை மட்டும் குறைத்தால் அந்தக் குணம் போய்விடும். ஆகையால் குறைத்த வெண்ணெயோடு போராடாமல், லொரேன் கிராமத்தார் பழைய நாளில் செய்தபடி ரொட்டி மாவுக்கே திரும்பிவிடுவது நல்லது. ரொட்டி மாவு வெண்ணெயை எதிர்பார்ப்பதே இல்லை. பழைய முறையே ஆரோக்கியமான முறையாகவும் வாய்த்திருப்பது நமது அதிர்ஷ்டம்.

மூன்றாவது, கறிகாய். கீரை, காளான், ஜுக்கினி ஆகிய எல்லாவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். 250 கிராம் கீரைக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் மறைந்திருக்கிறது. அதைப் பச்சையாகவே கலவையில் போட்டால், அந்தத் தம்ளர் தண்ணீரையும் கீஷுக்குள் கொட்டியதாகவே அர்த்தம். அடித்தட்டு ஊறிச் சொதசொதவென்று போவதற்கும், ருசி சப்பென்று போவதற்கும் இதுவே முக்கிய காரணம். பழி பாலின் தலையில் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் கீரை!

இனிச் செய்முறையைக் கூறுகிறேன். இது 24 அங்குலம் அல்ல, 24 சென்டிமீட்டர் அகலமும் மூன்றரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள தட்டுக்குக் கணக்கு. ஆறு பேருக்குப் போதும்.

மாவு: கோதுமை மாவு 75 கிராம், மைதா 75 கிராம், அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், கால் தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், 90 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, மூடி ஒரு மணி நேரம் வைக்கவும். உப்பிய பிறகு பூரிக்கட்டையால் மெல்லியதாக இட்டு, எண்ணெய் தடவிய தட்டில் விளிம்பு வரையில் ஏற்றிப் பரப்பவும். முள் கரண்டியால் நெடுகக் குத்திவிட்டு, மேலே பட்டர் பேப்பரை விரித்து, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையைப் பாரமாகப் போடவும். 200 டிகிரி ஓவனில் 10 நிமிஷம் சுட்டு, கடலையையும் காகிதத்தையும் எடுத்துவிடவும். கடலையைச் சமைக்க முடியாது. அடுத்த கீஷுக்குப் பத்திரப்படுத்தலாம். முன்கூட்டிச் சுட்ட தட்டு ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதில்லை.

கறிகாய்: லீக்ஸ் 300 கிராம், பசலைக் கீரை 250 கிராம். லீக்ஸ் என்பது வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட தண்டு. நீலகிரியில் பயிராகிறது, இலங்கையில் நுவரெலியாப் பக்கம் பிரசித்தம். அதன் மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும்; நீளவாக்கில் பிளந்து நன்றாகக் கழுவ வேண்டும். வெள்ளைப் பாகத்தையும் இளம் பச்சைப் பாகத்தையும் மெல்லியதாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சிட்டிகை உப்பும் சேர்த்து, மூடி, இளந்தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வதக்கவும். பிறகு மூடியைத் திறந்து ஈரம் வற்ற விடவும். லீக்ஸின் தித்திப்பு அப்போதுதான் வெளியே வரும். க்ரீம் இல்லாத குறையை நாக்கு மறப்பதற்கு அந்தத் தித்திப்பு பெரிய உதவி. கீரையைத் தனியே சூடான வாணலியில் வாட்டி, ஆறியதும் இரு கைகளாலும் அழுத்திப் பிழியவும். முறம் நிறைய இருந்த கீரை ஒரு பிடிக்குள் அடங்கிவிடும். லீக்ஸ் கிடைக்காதவர்கள் வெங்காயத்தை உபயோகிக்கலாம். பக்கத்து அல்ஸாஸ் பிரதேசத்தார் வெங்காயத்தை வைத்தே பிரமாதமான பலகாரம் செய்கிறார்கள்.

கலவை: 4 முட்டை, 300 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, மிளகுத்தூள், துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, கொஞ்சம் உப்பு. நுரை பொங்க அடிக்க வேண்டாம். ஒன்றாகக் கலந்தால் போதும். தட்டில் கறிகாயைப் பரப்பி, கலவையை ஊற்றி, துருவிய பாலாடைக் கட்டி 40 கிராமை மேலே தூவவும். பாலாடைக் கட்டியைக் கலவைக்குள் புதைத்தால் 100 கிராம் போட்டாலும் தெரியாது. மேலே தூவிப் பொன்னிறமாகச் சிவந்தால் 40 கிராமே நாக்கில் முதலில் பட்டுத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும்.

ஓவனின் சூட்டை 170 டிகிரிக்குக் குறைத்து, 30 அல்லது 35 நிமிஷம் வேகவைக்கவும். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் தட்டை அசைத்தால் லேசாக நடுங்க வேண்டும். அதுதான் எடுக்க வேண்டிய தருணம். நடுவும் கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் வலை சுருங்கிவிடும். வெளியே எடுத்த பிறகும் உள்சூடு வேலை செய்துகொண்டிருக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டு வெட்டினால் துண்டு சிதறாமல் வரும். மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். முட்டையும் பாலும் வெளியே கிடக்கத் தகுந்தவை அல்ல.

இப்போது மறுபடியும் கணக்கைப் போடுவோம். எண்ணெயில் 40 கிராம் கொழுப்பு, முட்டையில் 20, பாலில் 10, பாலாடைக் கட்டியில் 13. மொத்தம் 83, தலைக்கு 14 கிராம். பழைய கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பாதி, வெண்ணெயின் இடத்தில் வந்த தாவர எண்ணெய்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டையிலுள்ள கொலஸ்டிரால் பெரும்பாலோருக்கு முன்பு அஞ்சிய அளவுக்குத் தீங்கு செய்வதில்லை என்றும், நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பதே முக்கியம் என்றும் இப்போது வைத்தியர்கள் கருதுகிறார்கள். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை அமெரிக்க அரசாங்கத்தின் ஆகார யோசனைகள் 2015-க்குப் பிறகு சொல்வதில்லை. ஆனால் நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்கள் தங்கள் வைத்தியர் சொல்லைக் கேட்பதே சரி. உப்பு விஷயத்திலும் கை அடக்கம் வேண்டும். பாலாடைக் கட்டியிலேயே உப்பு இருக்கிறது.

பிரெஞ்சுக் குடும்பங்களில் கீஷைத் தனியே உண்பதில்லை. பக்கத்தில் பச்சை இலைகளைக் காடி, கடுகு விழுது, துளி எண்ணெய் சேர்த்துப் புரட்டி வைப்பார்கள். அந்தப் புளிப்பு கீஷின் மென்மைக்கு நல்ல துணை. ஒரு துண்டோடு வயிறும் நிறைந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். மேஜையில் வைக்கும்போது, "இது உடம்புக்கு நல்லது" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வைத்தியர் கட்டுப்பாடு விதித்தவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே தட்டிலிருந்து வெட்டிப் போடுங்கள். இரண்டாவது துண்டை முதலில் கேட்பவர் யார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.