பிச்சையல்ல, 24 ஆண்டு உழைப்பு

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு கொலை வழக்கின் இறுதி வாதத்தைக் கேட்டால், 1984-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு பெரும்பாலும் காதில் விழும். நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் சூழ்நிலைச் சாட்சியங்கள் அறுபடாத சங்கிலியாக இருக்க வேண்டும் என்று விளக்கிய சரத் பிர்திசந்த் சர்தா வழக்குத் தீர்ப்பு அது. அதை வழங்கிய மூன்று நீதிபதிகளில் ஒருவர், நாம் சேலத்தில் ரயில் ஏறி சென்னைக்குப் போகும் வழியில் வரும் ஜோலார்பேட்டையில் பிறந்தவர். பெயர் ஏ.வரதராஜன். உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி.

அதே அஸ்தம்பட்டியில்தான் மத்திய சிறையும் இருக்கிறது. ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஒருவர் கொலை செய்தால் தூக்குத் தண்டனை மட்டுமே விதிக்க வேண்டும் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவு ஒரு காலத்தில் கட்டாயப்படுத்தியது. நீதிபதிக்கு யோசிக்கக்கூட இடமில்லை. 1983-இல் மித்து வழக்கில் அந்தப் பிரிவை ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லாது என்று அறிவித்தது. அந்த ஐவரிலும் வரதராஜன் இருந்தார். இரண்டு தீர்ப்புகளும் நம் ஊரில் தினமும் புழங்குகின்றன. தீர்ப்பு சொன்னவரின் பெயரைத்தான் நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை.

1920-இல் பிறந்தவர். திருப்பத்தூரில் பள்ளிப் படிப்பு, பிறகு லயோலா கல்லூரி, சென்னை சட்டக் கல்லூரி. 1944-இல் வழக்கறிஞர், 1949-இல் மாவட்ட முன்சீப். அதன்பின் சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1973 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானபோது அவருக்கு வயது 52. முன்சீப் நாற்காலியிலிருந்து உயர்நீதிமன்ற நாற்காலிக்கு 24 ஆண்டுகள். 1980 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சென்று 1985-இல் ஓய்வு பெற்றார். 2009-இல் காலமானார்.

இந்த நியமனத்தைத்தான், 2020-இல் ஒரு திராவிடக் கட்சி நிர்வாகி மேடையில் 'பிச்சை' என்று பேசினார். அன்றைய கலைஞர் அரசு அக்கறை காட்டியதை நாம் மறுக்கவில்லை. அரசியல் உறுதி இல்லாமல் அந்தக் கதவு 1973-இலும் திறந்திருக்காது. ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் 24 ஆண்டுகள் தீர்ப்பு எழுதிப் பழகிய ஒருவர் நின்றிருந்தார். உரியதைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு அதற்குப் பிச்சை என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

அவர் முன்சீப்பான அதே 1949-இன் இறுதியில் சென்னை மாகாணத்தில் 83 மாவட்ட முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரப்பட்டது. வகுப்புவாரி அரசாணைப்படி அதில் 19 இடங்கள், அன்றைய சொல்லில், 'அரிசனங்களுக்கு'. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. வெங்கட்ரமணா வழக்கில் 1951-இல் வந்த தீர்ப்பு மற்றப் பங்கீடுகளை ரத்து செய்தாலும், அந்த 19 இடங்களையும் பின்தங்கிய இந்துக்களுக்கான 10 இடங்களையும் தொடவில்லை. ஆக, கீழமை நீதிமன்றத்தில் நமக்கான வாசல் குடியரசின் தொடக்கத்திலேயே சட்டப்படி உறுதியானது. இன்றும் தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் 18 விழுக்காடு உண்டு. நம் சேலம், நாமக்கல் பக்கம் பெருவாரியாக வாழும் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் அதற்குள் வருகிறது.

மேலே போனால் அந்த வாசலே இல்லை. உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் இடஒதுக்கீடு கிடையாது. 2018 முதல் நியமிக்கப்பட்ட 715 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர் என்று 2025-இல் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நூற்றுக்கு மூன்று. கே.ஜி.பாலகிருஷ்ணன் 2010-இல் ஓய்வு பெற்ற பிறகு, பி.ஆர்.கவாய் 2019-இல் வரும்வரை ஒன்பது ஆண்டுகள் உச்சநீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. அந்த கவாய் தலைமை நீதிபதியாக அமர்ந்திருந்தபோதே, 2025 அக்டோபரில், நீதிமன்ற அறைக்குள் ஒரு வழக்கறிஞர் அவர்மீது காலணி வீச முயன்றார். நாற்காலி உயர்ந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. ஆனாலும் நாற்காலி வேண்டும்.

வரதராஜன் போன வழி இன்னும் திறந்திருக்கிறதா என்பதுதான் இப்போதைய கவலை. கவாய் தலைமையிலான அமர்வே 2025 மே 20-இல் ஒரு தீர்ப்பு சொன்னது: உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும். அனுபவமில்லாத இளைஞர் நேராக மேடையில் உட்காரக் கூடாது என்ற வாதத்தில் பொருளில்லாமல் இல்லை. வரதராஜனே ஐந்து ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துவிட்டுத்தான் முன்சீப்பானார். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளை யார் சோறு போட்டு ஓட்டுவது? 2019-இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தபின், கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளும் கருப்புக் கோட்டு போடுகிறார்கள். அப்பா வழக்கறிஞராக இருந்தால் அப்பாவின் அலுவலகம் இருக்கிறது. இவர்களுக்கு சீனியர் ஒருவர் இடம் கொடுத்தாலே பெரிது. சம்பளம் கேட்க வாய் வராது.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனிலேயே சொல்லிவிட்டது. அஸ்தம்பட்டியில் அந்த 15,000 ரூபாயை மாதாமாதம் வாங்கும் ஜூனியர்கள் எத்தனை பேர்? வழக்கறிஞர் சங்கம் ஒரு கணக்கெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

சீனியரால் கொடுக்க முடியாத இடத்தில் அரசு கொடுக்க வேண்டும். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்குத் தயாராகும் பட்டியல் சாதி, பழங்குடி இளம் வழக்கறிஞர்களுக்கு அந்த மூன்று ஆண்டுகளும் ஆதிதிராவிடர் நலத்துறை இதே 15,000 ரூபாயை வழங்கலாம். அரசு வழக்கறிஞர் பதவிகளில் இடஒதுக்கீடு என்பதும் பழைய கோரிக்கைதான். வழக்கறிஞர்களிலிருந்து நீதிபதிகளைத் தேடும்போது முதலில் கண்ணில் படுவது அந்தப் பதவியில் இருப்பவர்கள். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை, கொலீஜியத்தின் பரிந்துரையும் தேவையில்லை. கோட்டையில் ஒரு கையெழுத்து போதும்.