அட்டைக் காசோலையின் கணக்கு

சென்ற மாதம் எங்கள் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு பாரம் வந்தது. பி40 குடும்பங்களைச் சேர்ந்த நான்காம் படிவ மாணவர்கள் பத்துப் பேரை நிறுவனம் 'தத்தெடுக்க'ப் போகிறதாம். சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலும் அவர்கள் இங்கே வந்து தொழில் அனுபவம் பெறுவார்கள். ஆண்டு இறுதியில் உதவித்தொகை. நான் அவர்களுக்கு வழிகாட்டி.

"நீங்களே இப்படி வந்தவர்தானே தம்பி, உங்கள விட்டா வேற யாரு?" என்றார் அந்தப் பிரிவில் இருக்கும் அக்கா.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆமாம், நான் அப்படி வந்தவன்தான். 2014-இல் எங்கள் இடைநிலைப்பள்ளியிலிருந்து பன்னிரண்டு பேரை ஒரு மின்னணுத் தொழிற்சாலை தேர்ந்தெடுத்தது. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். முதல் சனிக்கிழமை பாதுகாப்பு விளக்கம், தொப்பி, காலணி, புகைப்படம். இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து பெட்டி மடிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, மின்சுற்றுப் பலகைகளைத் தட்டில் அடுக்குவது. ஆண்டு முழுக்க அதேதான்.

நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு நீளமான இயந்திரம் இருந்தது. பலகைகள் அதிலிருந்து சூடாக வெளியே வரும். அதன் பெயர் ரீஃப்ளோ அடுப்பு என்பதும், ஈயமில்லாத பற்றாசு ஏறக்குறைய 217 டிகிரியில் உருகும் என்பதும், அதற்காகவே உள்ளே வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு விரிவுரையில். ஒரு வருடம் பக்கத்திலேயே நின்றவனுக்கு ஐந்து நிமிடம் நின்று சொல்ல ஆளில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் லைன் நின்றுவிடும் என்று சூப்பர்வைசர் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஆண்டு இறுதியில் ஆளுக்கு ஆயிரம் ரிங்கிட். மேடையில் ஆளுயர அட்டைக் காசோலை. அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

பொறியியலாளன் ஆனபிறகு ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். 34 சனிக்கிழமைகள், 24 விடுமுறை நாள்கள். நாளுக்கு ஏழு மணி நேரம். மொத்தம் 406 மணி நேரம். ஆயிரத்தை வகுத்தால் மணிக்கு 2 ரிங்கிட் 46 சென். தீபகற்பத்தில் அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 4 ரிங்கிட் 33 சென். அதன்படி எனக்கு வந்திருக்க வேண்டியது 1,758 ரிங்கிட். சட்டப்படி அந்தச் சம்பளம் எங்களுக்குச் சேருமா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. அதை ஓர் அளவுகோலாக மட்டும் வைக்கிறேன். மிச்சம் 758 ரிங்கிட். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்தால் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு உதவித்தொகை கொடுத்தது நாங்கள். கைதட்டல் வாங்கியது அவர்கள்.

இப்போது எங்கள் நிறுவனம் காட்டிய விளக்கப் படங்களில் சிகாகோவின் கிறிஸ்டோ ரே பள்ளி வருகிறது. "அமெரிக்காவிலேயே செய்றாங்க" என்று வாயை அடைப்பதற்காக. சரி, அங்கே என்னதான் செய்கிறார்கள்?

1996-இல் பில்சன் என்ற வட்டாரத்தில், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்காக இயேசு சபையினர் தொடங்கிய தனியார் பள்ளி அது. கட்டணம் கட்ட அந்தக் குடும்பங்களிடம் பணமில்லை. அதனால் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு முழுநேர வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவருக்கு மாதம் ஐந்து நாள். பாடம் தவறாதபடி கால அட்டவணையே அதற்கேற்ப அமைக்கப்படுகிறது. நிறுவனம் கொடுக்கும் தொகை பள்ளிக் கட்டணத்துக்குப் போகிறது. வேலை பெரும்பாலும் வங்கி, சட்ட நிறுவனம், மருத்துவமனை போன்ற இடங்களின் அலுவலகங்களில். பதினான்கு வயதுப் பிள்ளை தன் படிப்புச் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு அங்கேயும் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அதை வேலை என்றே சொல்கிறார்கள். அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

நம் ஆட்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டது புகைப்படத்தை மட்டும். இங்கே அரசு இடைநிலைப்பள்ளியில் அப்படிப்பட்ட கட்டணமே கிடையாது. அப்படியானால் பிள்ளையின் உழைப்பு எதை ஈடுகட்டுகிறது? திறன் பயிற்சி என்றால் அதற்கும் நம் நாட்டில் வழி இருக்கிறது. 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் பெரும்பகுதிப் பயிற்சி தொழிற்சாலையில், மீதி பயிற்சி நிலையத்தில். முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ். எங்களுக்குக் கிடைத்தது 'பங்கேற்புச் சான்றிதழ்'. அதைக் காட்டி ஒரு வேலையும் கேட்க முடியாது. 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் பள்ளிக்குப் போகும் இளையோருக்குப் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்த்து ஒரு நாளுக்கு எட்டு மணி என்று வரம்பு கட்டுகிறது. ஆனால் 'திட்டம்', 'அனுபவம்', 'தத்து' என்று பெயர் வைத்துவிட்டால் அது வேலையாகவே யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அப்புறம் யார் மணி எண்ணுவது?

முதலாளி நடத்தும் கல்வி நமக்குப் புதிதும் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படித்தான் பல தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி வந்தது. எழுத்தறிவு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளை தோட்டத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்று எந்த நிர்வாகம் நினைத்தது? என் தாத்தா காலையில் பள்ளி, மதியத்துக்குமேல் புல்வெட்டு. அவரும் அதைப் 'பழகிக்கிறது' என்றுதான் சொல்வார்.

"ஒண்ணுமில்லாததுக்கு ஆயிரம் பரவால்லலா" என்பவர்களை எனக்குத் தெரியும். என் அம்மாவே அதைத்தான் சொல்கிறார். நான் அந்த ஆயிரத்தில்தான் பயிற்சி நூல்கள் வாங்கினேன். ஆனால் என் பக்கத்தில் நின்று பெட்டி மடித்த நண்பனைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் பள்ளியில் கூடுதல் கணிதத்துக்கான சிறப்பு வகுப்பு சனிக்கிழமை காலையில் நடக்கும். எனக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க அக்கா இருந்தார். அவனுக்கு யாரும் இல்லை. எஸ்.பி.எம்-இல் அந்தப் பாடம் போயிற்று. முடிவு வந்த வாரமே தொழிற்சாலை அவனைக் கூப்பிட்டு அதே லைனில் வேலை கொடுத்தது. "வேலை தெரிஞ்ச பையன்" என்று பாராட்டும் கிடைத்தது. அடுத்த ஆண்டு விளம்பரத் தாளில் அவனைத்தான் வெற்றிக் கதையாகப் போட்டார்கள். பிள்ளையின் சனிக்கிழமையை வாங்கி, அந்தச் சனிக்கிழமை இல்லாததால் விழுந்தவனைத் தாங்கிப் பிடித்ததாகப் பெயரும் வாங்கிக்கொண்டார்கள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு இதில் வருத்தமில்லை. எனக்கு இருக்கிறது.

பாரத்தின் பின்பக்கத்தில் நான் மூன்று விஷயங்கள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, மணிக்கணக்கில் சம்பளம், மாதா மாதம், மாணவர் பெயரிலுள்ள கணக்கில். இரண்டு, சனிக்கிழமை காலை பள்ளிக்கு. வேலை வேண்டுமானால் விடுமுறையில் மட்டும். மூன்று, பாதி நேரம் லைனில் என்றால் பாதி நேரம் எங்களோடு, பரிசோதனை அறையில், கேள்வி கேட்டுக்கொண்டு.

அக்கா படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இதெல்லாம் எழுதினா புரோகிராமே நடக்காது."

அவர் பொய் சொல்லவில்லை. சம்பளமும் பாடமும் சேர்த்தால் நடக்காத ஒரு திட்டத்துக்குக் கல்வி என்று ஏன் பெயர் வைக்கிறோம்?

நடக்காவிட்டால் அந்தப் பத்துப் பேரில் சிலர் சிறப்பு வகுப்புக்குப் போவார்கள். சிலர் பர்கர் கடையில் நிற்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். பர்கர் கடைக்காரர் இராத்திரி கடை சாத்தும்போது மணியை எண்ணிக் காசு கொடுப்பார். கூட நின்று படம் எடுத்துக்கொள்ள மாட்டார்.