உடற்தகைமைச் சோதனையை ட்ரெட்மில்லில் மட்டும் நடத்துவது குறித்து எமது நிலைப்பாடு

வீரர் தெரிவுக்கான உடற்தகைமைச் சோதனையை இனி ட்ரெட்மில்லில் மட்டுமே நடத்துவதென்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. இந்தத் தீர்மானத்தை அதன் தற்போதைய வடிவில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா உறுப்பினர்களாகிய எம்மால் ஏற்க முடியாது.

ட்ரெட்மில்லை நாம் எதிர்க்கவில்லை. ஓட்ட வீரரை ஓடவைத்துத்தான் அளக்கவேண்டும். நிலையான சைக்கிளில் சோதித்தால், அதில் பழக்கமில்லாதவருக்கு இதயம் தன் எல்லையைத் தொடுமுன்பே தொடை களைத்துவிடும்; உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு ட்ரெட்மில்லில் வருவதைவிடப் பொதுவாக 5 முதல் 20 வீதம் வரை குறைவாகப் பதிவாகும். தேர்ந்த சைக்கிளோட்ட வீரரிடம் இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே இரு கருவிகளின் எண்களையும் ஒரே பட்டியலில் கலப்பது தவறு. மறுபுறம், சைக்கிளில் இரத்த அழுத்தமும் ஈசிஜியும் எடுப்பது இலகு.

எம்மைக் கொதிக்கவைப்பது வேறு. மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள் வாழும் மண் இது. 2009 மே மாதத்தில் போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்தும் கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் மிதிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த மண்ணில் செயற்கைக் காலோடு பயிற்சிக்கு வருபவரை ட்ரெட்மில்லில் ஏற்றி, "தகைமை போதாது" என்று எழுதி அனுப்புவது சோதனையா? ட்ரெட்மில் சோதனைக்குப் பயன்படும் புரூஸ் முறையின் முதற் கட்டமே 10 வீத ஏற்றம். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். கைபிடியைப் பற்றினால் கணக்குப் பிழைக்கும் என்று பற்றவும் விடமாட்டார்கள். விழுந்தால் யார் பொறுப்பு?

அதைவிடப் பெரிய பிழை சூத்திரத்தில் உள்ளது. மூச்சு வாயுவை நேரடியாக அளக்கும் கருவி இல்லாத இடத்தில், தாக்குப்பிடித்த நேரத்தைக் கொண்டே ஒட்சிசன் அளவை மதிப்பிடுகிறார்கள். அந்தச் சூத்திரங்கள் இரு கால்களும் உள்ளவர்களை அளந்து ஆக்கப்பட்டவை. முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர் அதே வேகத்தில் நடக்க மற்றவரைவிடக் கூடுதல் ஒட்சிசன் செலவிடுகிறார். விரைவில் களைத்து இறங்குகிறார். உடனே அவரது இதயம் பலவீனம் என்று தாளில் பதிவாகிறது. அது பொய்ப் பதிவு. அந்தத் தாளை வைத்து ஒருவரின் வாய்ப்பைப் பறிப்பது அநீதி.

நிலையான சைக்கிளில் உடற்பாரத்தை இருக்கை தாங்கும். பாதத்தை மிதிகட்டையோடு பட்டியால் கட்டலாம். ஆனாலும் அங்கும் இரு கால்களுக்கான சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது. இரு கால்களும் இழந்தவருக்குக் கையால் சுற்றும் எர்கோமீட்டர் உண்டு. கையில் வேலைசெய்யும் தசை குறைவு, எண்ணும் குறைவாகவே வரும். அதே முறையில் சோதிக்கப்பட்டவர்களோடு மட்டுமே அதை ஒப்பிடவேண்டும்.

தெரிவையே புறக்கணிப்பது பற்றி உறுப்பினர்களிடையே ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. ஆனால் இதில் மாற்றுக் கருத்து இல்லை: ட்ரெட்மில் பெறுபேற்றைக் காட்டி நீக்கப்பட்ட மாற்றுத்திறனாளி வீரர்கள் அனைவரையும் பொருத்தமான கருவியில் மீண்டும் சோதியுங்கள். அதுவரை அந்தப் பெறுபேறுகளில் எமது பயிற்றுநர்கள் எவரும் கையொப்பமிட மாட்டார்கள்.